அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். ஆடிக்கூழ் ஊற்றுவது எப்படி? விட்டுவிட்டால் தெய்வக்குற்றமா?

கேள்வியைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததை யாரோ எழுதிக் கேட்டது போல இருந்தது. நீங்களும் தனி வீட்டிலோ ஒண்டுக்குடித்தனத்திலோ இருந்து வந்திருப்பீர்கள், வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார், ஆடி நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்துகொண்டே போகும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதில். தாராளமாக ஊற்றலாம். நான் அம்பத்தூர்ப் பக்கம் மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு 2017 முதல் ஊற்றுகிறேன். தெய்வக்குற்றம் வருமா என்று சாஸ்திரம் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் விட்டுப்போனது. அது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

வியாசர்பாடியில் இருந்தபோது ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் வீட்டுக் கூழ். வெள்ளிக்கிழமை ராத்திரியே அத்தை, அதாவது என் மாமியார், கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டுவோம். நொய் குழைய வெந்ததும் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டவேண்டும். தண்ணீரில் விரலை நனைத்துத் தொட்டுப் பார்ப்பார். ஒட்டாமல் வந்தால்தான் இறக்குவார், அதுவரை கிண்டுகிறவருக்குத் தோள்பட்டை கழன்றாலும் விடமாட்டார். ஞாயிறு காலையில் மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கரைத்து, பானைக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டித் தெருமுனை அம்மன் கோயிலுக்குத் தூக்கிப்போவோம். அங்கே ஒரு பெரிய கொப்பரை இருக்கும். தெருவில் எல்லார் வீட்டுக் கூழும் அதில்தான் போய் விழும். அதற்கப்புறம் எது யார் வீட்டுக் கூழ் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் தூக்கும் சொம்புமாக வரிசையில் நிற்பார்கள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தனியாக.

அன்று சாயங்காலம் வீட்டில் பூவாடைக்காரி படையல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட மாவட்டங்களில் பல வீடுகளில், அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்துபோன பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். அவளுக்குப் புதுத்துணி, பூ, வளையல் எல்லாம் வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் பெரிய நாத்தனார். 1979-ல் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள், 16 வயது. நான் அவளைப் பார்த்ததில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை பாவாடை தாவணி மடித்து வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு கூழ் வைத்து, "குடிச்சுட்டுப் போம்மா" என்று அத்தை சொல்வதைக் கேட்டுத்தான் எனக்கு அவளைத் தெரியும்.

2016-ல் வீட்டுச் சொந்தக்காரர் இடத்தை விற்றுவிட்டார். என் கணவரின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் வைத்து இந்த வீட்டை வாங்கினோம். அந்த ஆடியில் நான்தான் வேண்டாம் என்றேன். புது இடம், யாரையும் தெரியாது, எரிவாயு அடுப்பில் அண்டா ஏற்ற முடியாது என்றெல்லாம் காரணம் சொன்னேன். அத்தைக்கு அப்போது 76 வயது. ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு காலையில் எழுந்து பார்த்தால், குக்கர் பாத்திரத்தில் ஒரு கை மாவு போட்டுக் கிண்டிக் கரைத்துவைத்திருந்தார். அம்மன் படத்துக்குக் காட்டிவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இரண்டு பக்கமும் செருப்பு அலமாரிகள், நீளமான நடை, ஐந்து கதவும் சாத்தியிருந்தது. கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "யாருக்கும்மா ஊத்துறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே வந்து, சொம்பை மேடைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சாயங்காலப் படையலுக்கும் எழுந்திருக்கவில்லை.

தெய்வக்குற்றமா என்று கேட்டீர்கள். அந்த வருஷம் எங்களுக்கு நோய் நொடி எதுவும் வரவில்லை. ஆனால் அத்தையின் அந்த முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் குடியிருப்போர் சங்கத்தில் போய்க் கேட்டேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மூலை, இரண்டு மணி நேரம், சுத்தம் செய்துகொடுப்பது என் பொறுப்பு என்று சொன்னேன். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. வெளியாட்கள் வருவார்கள், கருவாட்டு வாடை வரும், இன்று இதற்கு விட்டால் நாளை எல்லாவற்றுக்கும் விட வேண்டும் என்றார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு அதே இடத்தில் பந்தல் போட்டவர்கள்தான். நான் சண்டை போடவில்லை. வெளிக்கேட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டேன்.

யார் வருவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. முதலில் காவலாளி அண்ணன் வந்தார். அப்புறம் துப்புரவு வேலைக்கு வரும் அக்காக்கள், உணவு கொண்டுவந்து கொடுக்கும் பையன்கள், பால்காரர். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தது. அங்கிருந்து ஒரு ஒடிசாப் பையன் தயங்கித் தயங்கி வந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து, "மாண்டியா!" என்றான். கோராபுட் பக்கத்துக்காரன். கேழ்வரகுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம், கஞ்சியை மாண்டியா பேஜ் என்பார்களாம். கருவாட்டைக் காட்டி "சுக்குவா" என்று சிரித்தான். மூன்று டம்ளர் குடித்தான். ஓடிப்போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தான். அத்தைக்கு இந்தியும் தெரியாது, ஒடியாவும் தெரியாது. கரண்டியை என்னிடம் கொடுக்காமல் கடைசிவரை அவரே ஊற்றினார். பதினொரு மணிக்கெல்லாம் அண்டா காலி.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று என் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கூழ் அண்டாவை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் படியில் இறங்கினார். லிப்ட் இருக்கிறது. வேலை செய்பவர்கள் அதில் ஏறக் கூடாது என்று விதி. 55 வயது, முட்டி வலி, ஐந்து வீட்டு வேலை, நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார்! வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விளக்கேற்றுகிற வீடுகள்தான் அந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டன. இந்த விஷயத்துக்கு மட்டும் நான் சண்டை போட்டேன். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். விதி மாறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டுச் சிலர் "பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-லேயே உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, இன்னும் என்ன மாரியம்மன் கூழ்?" என்று எழுதுவார்கள். ஒழித்தது தடுப்பூசிதான், நானும் மறுக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறேன். கூழ் ஊற்றினால் நோய் வராது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இன்னும் சிலர் "சிறுதெய்வம்" என்பார்கள். அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. கணவர் ஜமதக்கினி முனிவர் இறந்தபோது ரேணுகா, அதாவது எங்கள் மாரியம்மன், தீயில் இறங்கினாள், மழை வந்து தீ அணைந்தது, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு எழுந்து வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தாள், ஊரார் கொடுத்த மாவையும் வெல்லத்தையும் இளநீரையும் வாங்கிப் பசியாறினாள் என்று கதை சொல்வார்கள். பெரியபாளையத்தில் இன்றும் பெண்கள் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கையேந்திச் சாப்பிட்டவள் எங்கள் அம்மன். அதனால்தான் கூழை வீட்டுக்குள்ளேயே காய்ச்சி வீட்டுக்குள்ளேயே குடித்துவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஒருவர் பாத்திரத்திலாவது ஊற்றிவிடுங்கள். இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

எரிவாயு அடுப்பில் செய்வதற்கு என் கணக்கு இது. 4 கிலோ மாவுக்கு ஒன்றரைக் கிலோ பச்சரிசி நொய். இரண்டு பாத்திரமாகப் பிரித்துக் கிண்டுங்கள், ஒரே பாத்திரம் என்றால் அடி பிடிக்கும். காலையில் கரைத்தால் சுமார் 150 டம்ளர் வரும். உங்கள் வீட்டில் கருவாடு வழக்கமில்லையென்றால் மாங்காயும் மோர்மிளகாயும் போதும், குறை ஒன்றுமில்லை.

2020 கொரோனா ஆடியில் பெரிய கோயில்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. அந்த வருஷம் காவலாளி அண்ணனுக்கு மட்டும் ஒரு தூக்கு நிறையக் கொடுத்தோம். அத்தை 2022-ல் காலமானார். அடுத்த ஆடிப் படையலுக்கு நாத்தனாருக்குப் பாவாடை தாவணி வைக்கும்போது, பக்கத்தில் அத்தைக்கு ஒரு சுங்குடிப் புடவையும் வைத்தேன். உறவில் ஒரு பெரியவர் தடுத்தார். கணவரை இழந்தவருக்குப் பூவாடைப் படையலில் இடமில்லை, அது முறையில்லை என்றார். முறை அதுதான் என்று எனக்கும் தெரியும். முறை தவறிவிட்டேன் என்று நீங்களும் எழுதலாம், நான் பதில் பேசமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் கூழ் கரைத்துக் கொடுத்தது அவர்தான். புடவையை நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வைக்கிறேன், படையல் முடிந்ததும் அதை வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று விட்டுப்போனது. மாவை வெள்ளி ராத்திரியே கரைத்துவிடுங்கள். ஆடி மாசம் வெயில் இல்லாமல் மூட்டமாக இருந்தால் ஒரு ராத்திரியில் சரியாகப் புளிக்காது.