அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. கம்ப்யூட்டர் நேவிகேஷன் வேண்டும் என்கிறார்கள். கூடுதல் செலவுக்கு அது தகுமா?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருப்பது: அப்பாவுக்கு 64 வயது, சில வருடங்களுக்கு முன் முதுகில் ஸ்க்ரூவும் ராடும் வைத்திருக்கிறார்கள், இப்போது வலது இடுப்பு. ஓர் ஆஸ்பத்திரி நேவிகேஷன் அவசியம் என்கிறது, இன்னொன்று அதெல்லாம் வேண்டாம் என்கிறது.

நான் டாக்டர் இல்லை. மூட்டு மாற்று நடக்கும் தியேட்டரில் டெக்னீஷியன். கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், நேவிகேஷன் கேஸ் என்றால் அதன் கேமராவைத் தோதான இடத்தில் நிறுத்துவதும் என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம். ரோட்டோர விளம்பரப் பலகைகளில் நேவிகேஷன், ரோபோ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள். ரோபோ என்பது எலும்பைக் குடையும், அல்லது குடையும் கையைப் பிடித்து நிறுத்தும். 1992இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ரோபோடாக் என்ற இயந்திரம், தொடை எலும்புக்குள் செயற்கை மூட்டின் தண்டு (ஸ்டெம்) உட்காரும் குழியைக் குடைந்ததுதான் அதன் தொடக்கம். நேவிகேஷன் எதையும் வெட்டாது. அளந்து திரையில் காட்டும், அவ்வளவுதான். வெட்டுவது, தட்டுவது எல்லாம் டாக்டரின் கைதான்.

சரி, எதை அளக்கிறது? முக்கியமாகக் கப்பின் சாய்வை. இடுப்பெலும்பில் பதிக்கும் அந்தக் கிண்ணம் எவ்வளவு சரிந்து நிற்கிறது, எவ்வளவு முன்பக்கம் திரும்பியிருக்கிறது என்று இரண்டு கோணங்கள். 1978இல் லெவினெக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் சரிவு 40 டிகிரி, முன்திருப்பம் 15 டிகிரி, இரண்டிலும் பத்து டிகிரி கூடக்குறைய இருக்கலாம் என்று ஒரு ‘பாதுகாப்பு வட்டம்’ போட்டுக் கொடுத்தார்கள். கோணம் ரொம்பத் தப்பினால் குனியும்போதோ, தாழ்வான இடத்திலிருந்து எழும்போதோ, தொடை எலும்பின் மேல்முனையில் வைக்கும் செயற்கைப் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். அல்லது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஓரம் சீக்கிரம் தேயலாம். இதோடு கால் நீளம் எவ்வளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்பதையும் நேவிகேஷன் காட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் புகார்களில் ‘ஒரு கால் நீளமாகிவிட்ட மாதிரி இருக்கிறது’ என்பது சாதாரணமாகக் கேட்கிற ஒன்று.

அனுபவமுள்ள டாக்டருக்குக் கண் அளவு போதாதா என்று கேட்பீர்கள். பல நேரம் போதும். ஆனால் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1,800க்கும் மேற்பட்ட இடுப்புகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். இரண்டு கோணங்களும் அவர்கள் வைத்த எல்லைக்குள் இருந்தவை பாதிதான். காரணம் கைத்திறமை மட்டும் இல்லை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்திருப்போம். தொடை எலும்பை ஒதுக்க உதவி டாக்டர் ரிட்ராக்டரை இழுக்கும்போது இடுப்பெலும்பு மெல்ல முன்பக்கம் உருளும். மேலே பச்சைத் துணி போர்த்தியிருப்பதால் வெளியே தெரியாது. கப்பைப் பிடிக்கும் கருவியில் இருக்கும் சாதாரணக் கோணமானி, நோயாளி நேராகப் படுத்திருக்கிறார் என்று நம்பித்தான் கணக்குச் சொல்லும். சுவரே சாய்ந்திருக்க, தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்ப்பது போலத்தான்.

நேவிகேஷனில் இடுப்பெலும்பின் விளிம்பிலேயே இரண்டு பின் அடித்து, அதில் பளபளக்கும் சிறு உருண்டைகள் உள்ள ட்ராக்கரை மாட்டுவோம். அகச்சிவப்புக் கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இடுப்பு உருண்டால் கணக்கும் கூடவே உருளும். எனக்கு இதில் பிடித்த கட்டம் கடைசி அடிகள். டாக்டர் சரிவு 41, முன்திருப்பம் 16 என்று கப்பைச் சரியாகப் பிடித்திருப்பார். சுத்தியல் விழுந்து கப் இறுகும்போது, ஒரு பக்கம் கெட்டியான எலும்பில் இடித்து, சரிவு எண் சட்டென்று 46க்குப் போய் நிற்கும். கண்ணுக்கு அந்த ஐந்து டிகிரி தெரியவே தெரியாது. திரையில் பார்த்ததும் டாக்டர் பிடியைச் சாய்த்து அடுத்த அடியில் திருப்பிக் கொண்டுவருவார்.

இப்போது மறுபக்கம். அந்த எண், தொடக்கத்தில் டாக்டர் தொட்டுக் காட்டிய புள்ளிகளை வைத்துத்தான் வருகிறது. சிடி ஸ்கேன் இல்லாத முறையில், இடுப்பின் முன்பக்கம் துருத்தும் இரண்டு எலும்பு முனைகளையும், நடுவே பூப்பெலும்பையும் குச்சி போன்ற கருவியால் தொட்டுப் பதிவு செய்ய வேண்டும். நோயாளிக்குத் தொப்பை கனமாக இருந்தால், எலும்பைத் தொடுவதாக நினைத்துக் கொழுப்பின் மேல் தொடுவோம். அங்கே பிசகினால் முன்திருப்பக் கணக்கு முழுக்கப் பிசகும். பின் லேசாகத் தளர்ந்தாலும் அதே கதைதான். திரை மட்டும் எப்போதும் போல உறுதியான குரலில் 15 என்று சொல்லிக்கொண்டிருக்கும். உருண்டையில் ரத்தம் தெறித்தாலோ, யாராவது தலையை நீட்டினாலோ கேமரா குருடாகிவிடும் என்பது தியேட்டரில் தினப்படித் தலைவலி. பின் அடித்த இடத்தில் கிருமித்தொற்று, எலும்பு முறிவு எல்லாம் அபூர்வம். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

பலன் எவ்வளவு என்றால், கோணம் குறி தப்புவது குறைகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வில், மூட்டு நழுவியதால் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது நேவிகேஷன் குழுவில் குறைவாக இருந்தது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. நழுவிய 206 இடுப்புகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் 58 சதவீதம் லெவினெக் சொன்ன வட்டத்துக்குள்ளேயே இருந்தன. அதாவது எண் சரியாக இருந்தும் நழுவியிருக்கின்றன.

உங்கள் அப்பாவின் முதுகு ஸ்க்ரூ இங்கேதான் வருகிறது. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாயும். அப்போது கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திறந்து, மடங்கும் தொடைக்கு இடம் விடும். கீழ்முதுகை ராடு வைத்துப் பூட்டியவர்களுக்கு அந்தச் சாய்வு நடக்காது, அல்லது ரொம்பக் குறைவாக நடக்கும். மற்றவர்களுக்குச் சரியான கோணம் இவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. இவருக்கு என்ன கோணம் என்பதைத் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே டாக்டர் முடிவு செய்திருக்க வேண்டும். நேவிகேஷன் அந்த முடிவை எடுக்காது. எடுத்த முடிவைப் பிசகாமல் நிறைவேற்ற உதவும்.

அதனால் இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “அப்பா நிற்கும்போதும் உட்காரும்போதும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா, டாக்டர்? அதை வைத்து என்ன கோணம் திட்டமிட்டிருக்கிறீர்கள்?” இதற்குப் பதில் வைத்திருப்பவர் நேவிகேஷன் கேட்டால், கொடுக்கிற காசு தகும் என்பேன். எக்ஸ்ரேயே எடுக்காமல் ‘லேட்டஸ்ட் டெக்னாலஜி’ என்று மட்டும் சொல்பவரிடம் அந்தத் திரை இருந்து பிரயோஜனம் குறைவு. வேண்டாம் என்றவர் ‘நான் டூயல் மொபிலிட்டி கப் வைக்கப் போகிறேன்’ என்று சொன்னால் அதுவும் நியாயமான வழி. பந்துக்கு மேல் இன்னொரு பெரிய பந்து போல நகரும் அமைப்பு அது. 1970களில் பிரான்சில் பூஸ்கே என்ற டாக்டர் கொண்டுவந்தது, நழுவுவதைத் தடுக்கவே. வேண்டாம் என்ற டாக்டர் முன்பக்க வழியாக, மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்பவர் என்றால், ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயிலேயே கோணம் பார்த்துக்கொள்வார். அங்கே நேவிகேஷனின் கூடுதல் லாபம் கொஞ்சம் குறையும்.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேக்கேஜ் தொகை சொல்லும்போது பின், ட்ராக்கர் போன்ற ஒருமுறை பயன்படுத்தும் பொருள்கள் அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிடி ஸ்கேன் வைத்துச் செய்யும் முறை என்றால் அந்த ஸ்கேனுக்குத் தனியாகப் போடுவார்களா என்பதையும், உங்கள் இன்சூரன்ஸ் நேவிகேஷன் கட்டணத்தை ஏற்குமா என்பதையும் அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.