தேவகோட்டை அண்ணனுக்கு: 20 லட்சமா, காரைக்குடியா?

அண்ணே, மகளுக்குச் சென்னை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலு வருசத்துக்கு 20 லட்சம். கவுன்சிலிங்கில் காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்). இதுதானே குழப்பம்? என் ஓட்டு காரைக்குடிக்கு. 1952-லிருந்து நடக்கிற கல்லூரி, கட்டணமும் சொற்பம். முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் சீட்டுக்குத்தான், நிகர்நிலைக்குக் கிடையாது.

பூர்வீகப் பெரிய வீட்டில் உங்கள் பங்கை வைத்துக் கடன் எடுக்கலாம் என்கிறீர்கள். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். பொது வீட்டுக்குப் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பிள்ளை படிப்பே முடிந்துவிடும்!

விளம்பரத்தில் போடுகிற உச்சச் சம்பளத்தை நம்பாதீர்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த அறிக்கையை அதன் இணையதளத்தில் தேடி, இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ் வாங்குவது) எவ்வளவு என்று பாருங்கள். இ.சி.இ. படித்தவர்களையும் மென்பொருள் கம்பெனிகள் எடுக்கத்தான் செய்கின்றன.