எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டலாமா?

அண்ணா வணக்கமுங்க,

திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் பண்ற சின்ன டீம்ல இருக்கேனுங்க. ஒவ்வொரு யூனிட்டும் தர்ற டேட்டா வேற வேற. நிட்டிங்னா டயா, கேஜ், லூப் லென்த், டையிங்னா ஷேடு, லாட் நம்பர், பிரிண்டிங்னா எத்தனை கலர், காம்பாக்டிங்னா ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது). இதுக்கெல்லாம் புரோட்டோபஃப்ல (புரோகிராமுகளுக்கு நடுவுல டேட்டாவை பைட்ஸா கட்டி அனுப்பற முறை) தனித்தனியா ஏபிஐ எழுதறதுக்கு பதிலா எல்லாத்தையும், எது வேணா உள்ள வெக்கலாம்ங்கற எனி (Any) டைப்ல போட்டு தாட்டிவிட்டா சோலி முடிஞ்சிருமேங்கறது என் ரோசனை. எங்க சீனியர் எனி எதுக்கு, ஸ்ட்ரக்ட் (Struct) போதும்ங்கறார். எது சரிங்ணா?

தம்பி,

ரெண்டுமே வேண்டாமுங்க. ஸ்ட்ரக்ட்ல நான் சூடு பட்டிருக்கேன், அதனால அதையே மொதல்ல சொல்லிர்றேன்.

ஸ்ட்ரக்ட்ங்கறது ஜேசனை (டேட்டாவை பேரு, மதிப்புன்னு எழுத்தாவே எழுதற முறை) அப்படியே கொண்டாந்து புரோட்டோபஃப்க்குள்ள உக்கார வெக்கறதுதான். நல் (காலி), நம்பர், ஸ்ட்ரிங் (எழுத்து), பூலியன் (ஆமா, இல்ல), லிஸ்ட், உள்ளுக்குள்ள இன்னொரு ஸ்ட்ரக்ட், இந்த ஆறுதான் அதுக்குத் தெரியும். அதுலயும் நம்பர்னா டபுள் (புள்ளி வெச்ச எண்ணுக்கான டைப்) மட்டும்தான், இன்டிஜர், அதாவது முழு எண்ணுக்குன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. 9007199254740992 வரைக்கும் முழு எண்ணெல்லாம் பத்திரமா இருக்கும், அதைத் தாண்டுனா எண் சத்தமில்லாம பக்கத்து எண்ணுக்கு நகுந்துக்கும், எரர் கிரர்னு ஒண்ணும் வராது. ஒரு சாயப்பட்டறைக்கு நாங்க பண்ணுனதுல லாட் நம்பர் தேதி, மணி, வரிசை எண் எல்லாம் ஒட்டுக்கா சேத்து 18 இலக்கம். 202403150930124457னு போன லாட்டை அந்தப்பக்கம் இன்டிஜரா மாத்திப் பாத்தா 202403150930124448னு நிக்குது. 4450ல முடியற லாட்டும் அதே எண், 4460ம் அதே எண், ஏன்னா அவ்வளவு பெரிய எண்ணுல டபுள் 32, 32ஆத்தான் தாண்டும். ரெண்டு ஷேடு துணி ஒரே லாட்டுனு ரிப்போர்ட்ல வந்து நின்னா பட்டறைக்காரர் எப்படிப் பாத்திருப்பாருன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. தப்பு எங்களுதுதான், லாட் நம்பரை ஸ்ட்ரிங்கா வெச்சிருக்கோணும், அதுல என்ன கூட்டல் கழித்தலா பண்ணப்போறோம்?

இனி எனி. அது ரெண்டே ஃபீல்டுங்க, டைப் யூஆர்எல்னு ஒரு ஸ்ட்ரிங், வேல்யூன்னு பைட்ஸ். லாரி ஆபீசுல பண்டலைத் தெச்சு மேல சீட்டு ஒட்டுவாங்கல்ல, அதேதான். சீட்டு டைப் டாட் கூகுள்ஏபிஐஎஸ் டாட் காம்னு ஆரம்பிக்கும், சாய்கோட்டோட சேத்து 20 எழுத்து, அதுக்கப்பறம் உங்க பேக்கேஜ் பேரு, மெசேஜ் (ஃபீல்டுகளைச் சேத்து வெக்கற அமைப்பு) பேரு. பாக்க வெப் அட்ரஸ் மாதிரி இருந்தாலும் சும்மா பேருதான், இன்டர்நெட்டுல போயி தேடறதுக்கில்ல. டயா 30, கேஜ் 24ன்னு ரெண்டு எண்ணுக்கு 4 பைட் போதும், அதுக்கு மேல இவ்வளவு நீளத்துக்கு சீட்டு, சரக்கைவிட சாக்கு கனம்.

கனத்தைக்கூட விடுங்க, எனக்கு பயம் அந்தப் பேருலதான். சாதாரணமா புரோட்டோபஃப்ல மெசேஜ் பேரு வயர்ல, அதாவது அனுப்பற பைட்ஸ்ல, போறதே இல்ல, ஃபீல்டு நம்பர்தான் போகும், அதனாலதான் நாம பேரை மாத்துனாலும் பழைய பைட்ஸைப் படிக்க முடியுது. எனில போட்டா பேரே டேட்டா ஆயிருது. ஒரு நாள் பேக்கேஜ் பேரு நல்லால்லைன்னு மாத்துவீங்க, டேட்டாபேஸ்ல கெடக்கற பழைய பண்டலெல்லாம் பழைய சீட்டோடயே கெடக்கும், பிரிக்க ஆளிருக்காது. இன்னொண்ணு, வாங்கற சர்வர்ல அந்த மெசேஜைச் சேத்து கம்பைல் பண்ணலைனா ஜேசனா மாத்தி ஒரு லாக் எழுதறதுக்குள்ளயே எரர்ல நின்னுக்கும்.

உங்களுக்கு இருக்கறது நாலே வகை, நாலும் உங்களுக்கே தெரியும், அப்பறம் எதுக்கு கட்டி மூடி அனுப்பறீங்க? டிசி (டெலிவரி சலான்) நம்பர், பார்ட்டி, எடை, ரோல் எண்ணிக்கை எல்லாருக்கும் பொது, அதை வெளிய வெய்யுங்க. நிட்டிங், டையிங், பிரிண்டிங், காம்பாக்டிங்குக்கு தனித்தனி மெசேஜ் எழுதி நாலையும் ஒரு ஒன்ஆஃப்குள்ள (oneof, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் இருக்கற எடம்) போடுங்க. ஏபிஐ ஒண்ணேதான் இருக்கும். ஒண்ணை செட் பண்ணுனா மத்தது தானா காலியாயிரும். நாளைக்கு எம்ப்ராய்டரிக்காரர் வந்தா புது ஃபீல்டு நம்பர் ஒண்ணு, அவ்வளவுதான். அப்ப அப்டேட் பண்ணாத பழைய ஆப்புக்கு அந்த ஒன்ஆஃப் காலியா இருக்கற மாதிரிதான் தெரியும், அந்த கேஸை இப்பவே கோடுல எழுதி வெச்சுக்கோங்க, எல்லாரும் விடற எடம் அது. ஒன்ஆஃப்குள்ள ரிப்பீட்டட் (லிஸ்ட் ஃபீல்டு) நேரா வெக்க விடாது, கலர் லிஸ்டை பிரிண்டிங் மெசேஜுக்குள்ளதான் வெக்கோணும்.

அதுக்காக எனி ஆகாததுன்னு இல்லைங்க. ஜிஆர்பிசில (ஒரு புரோகிராம் நெட்வொர்க் வழியா இன்னொண்ணைக் கூப்புடற முறை) எரர் விவரம் அனுப்ப ஸ்டேட்டஸ்னு ஒரு மெசேஜ் இருக்குது, அதுல டீடெயில்ஸ்ங்கற ஃபீல்டு எனி லிஸ்ட்தான். எந்த சர்வீஸ் என்ன விவரம் சொல்லும்னு அதை எழுதுனவங்களுக்கு எப்படித் தெரியும், அங்க எனிதான் பொருந்தும். உங்க சீனியர்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க, ஸ்கிரீன் செட்டிங்ஸ் மாதிரி சில்லறைக்கெல்லாம் ஸ்ட்ரக்ட் தாராளமா போதும்.

ஆமா, அந்த ஜிஎஸ்எம்மை என்ன டைப்ல வெக்கப்போறீங்க? இன்டிஜர்னு போட்டுறாதீங்க, 182.5ன்னு எழுதிக் குடுக்கற ஆளுகளும் இருக்காங்க.