பல் டாக்டர் பதில்கள்: தள்ளிப்போட்டா வலியும் ஏறும், பில்லும் ஏறும்

கேள்வி: டாக்டர், எனக்குக் கீழ் கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. தை மாசத்துலேர்ந்து வலி வருது போகுது, கிராம்பு வச்சு ஓட்டிட்டு இருக்கேன். சின்ன வயசுல ஒரு இடத்துல சரியா மரக்கறதுக்குள்ளயே பல்லைப் புடுங்கிட்டாங்க, அந்த பயம் இன்னும் போகல. ஊசி போடாம, வலிக்காம, கம்மி காசுல, அனுபவமான டாக்டர் யாராவது கெடைப்பாங்களா?
ஒரு வாசகி, ஆரணி

பதில்: ஊசி போடாமன்னு கேட்டீங்க பாருங்கம்மா, அதை மட்டும் விட்டுருங்க, மத்தது எல்லாம் கெடைக்கும். வலிக்காம வேலை நடக்குறதே அந்த ஊசியாலதான். லிக்னோகெயின்னு ஒரு மருந்து, 1943ல கண்டுபிடிச்சது, இன்னிக்கும் சின்ன ஊரு கிளினிக்லேர்ந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் பெரும்பாலும் அதுதான். மருந்து ஒண்ணுதான், ஆனா போடுற கை வேற வேற. நிதானமா போடுறவங்க முதல்ல ஈறைப் பஞ்சால துடைச்சுக் காய வச்சு, மரத்துப் போற ஜெல் தடவி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் பேச்சு குடுத்துட்டு இருப்பாங்க. அப்புறம் கன்னத்தை நல்லா இழுத்துப் பிடிச்சு ஊசியை உள்ள விட்டு, மருந்தை மெதுவா மெதுவா, ஒரு நிமிஷத்துக்கு மேலயே எடுத்துக்கிட்டு தள்ளுவாங்க. நாலஞ்சு செகண்டுல தள்ளிட்டா மருந்து சதையைப் பிரிச்சுக்கிட்டுப் போகும், நீங்க ஊசி வலின்னு நெனைக்கிறதுல பாதி அந்த அவசரத்தோட வலிதான்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நரம்பு தாடை எலும்புக்குள்ள ஓடுது, அதனால வாய்க்குள்ள பின்னாடி போய் அது எலும்புக்குள்ள நுழையுற இடத்துக்குப் பக்கத்துல போடணும், மரக்க அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பக்கம் உதடு தடிச்சுப் போய் யாரோட உதடோ மாதிரி ஆகணும், அதுக்கு முன்னாடி யாராவது கொறடை எடுத்தா "இன்னும் மரக்கல"ன்னு தைரியமா சொல்லுங்க, தப்பே இல்ல. மரத்த அப்புறமும் அழுத்துறது, ஆட்டுறது தெரியும், அது வலி இல்ல, அதுக்கு பயந்துடாதீங்க.

இன்னொண்ணு, ரொம்ப பேருக்கு இது தெரியாது. சீழ் பிடிச்சு வீங்கின எடத்துல மருந்து ஒழுங்கா வேலை செய்யாது, அங்க அமிலத்தன்மை கூடிடும், மருந்து நரம்புக்குள்ள போறது கொறைஞ்சுடும். சின்ன வயசுல உங்களுக்கு அப்படி ஆனதுக்கு இதுகூட காரணமா இருந்திருக்கலாம். நாமளும் கன்னம் பன்னு மாதிரி வீங்கின அப்புறம்தானே கிளம்புறோம்!

காசும் இதே கதைதான். ஜில்லுனு ஏதாவது குடிச்சா சுரீர்னு வந்து உடனே போயிடுதா, ஃபில்லிங்கோட முடிய சான்ஸ் இருக்கு, சில நூறு ரூபாய் வேலை. சூடா காபி குடிச்சா வலி ஏறுது, ராத்திரி படுத்தா தானா விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னா நரம்பு வரைக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம், ரூட் கெனால், அதுக்கு மேல கேப், ஆயிரக்கணக்குல போயிடும். அதனால கிராம்பை நிறுத்திட்டு இந்த வாரமே போங்க. வலி மாத்திரையை நசுக்கி பல்லுல வைக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சு வரும், எத்தனையோ பேருக்குப் பாத்திருக்கேன்.

கேள்வி: சென்னையில ஒரு கிளினிக்ல எக்ஸ்ரேகூட எடுக்காம மூணு பல்லுக்கு ரூட் கெனால், மூணுக்கும் ஜிர்கோனியாங்கற வெள்ளைப் பீங்கான் மாதிரி கேப், இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுண்ட்னு சொல்றாங்க. நம்பலாமா? கம்மி செலவுல வேற வழி இருக்கா?
ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: எக்ஸ்ரே இல்லாம ரூட் கெனால்னு சொன்ன எடத்துல எழுந்து வந்துடுங்க தம்பி. வேர் எத்தனை, எவ்வளவு நீளம், அடியில சீழ் இருக்கா, இதெல்லாம் படத்துல பாத்தாதான் தெரியும். அனுபவம்ங்கறது போர்டுல எழுதியிருக்குற வருஷக் கணக்கு இல்ல. படத்தைக் காட்டி, இந்தப் பல்லுக்கு இது, இதுக்கு ஒண்ணும் வேணாம், இது நான் பண்ண மாட்டேன் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போங்கன்னு சொல்றாரே, அவரை நம்பலாம். மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை வரணும்னு சேர்ல உக்காருறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கங்க. கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடுறது அவசியம்தான், ஏன்னா ரூட் கெனால் பண்ண பல்லு சீக்கிரம் விண்டுடும், ஆனா ஜிர்கோனியாவேதான் வேணும்னு இல்ல. யாருக்கும் தெரியாத உள்பக்கப் பல்லுக்கு மெட்டல் கேப் போதும், விலையும் கம்மி, உழைக்கவும் உழைக்கும். பல் டாக்டர் எல்லாரும் மாநில டென்டல் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், 1948லயே அதுக்கு சட்டம் வந்துடுச்சு, பதிவு எண் கேக்குறதுல வெக்கப்படாதீங்க.

உங்களுக்கு இன்னொரு நல்ல வழியும் இருக்கு. கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953லேர்ந்து நடக்குது. காலைல சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்கணும், கூட்டம் இருக்கும், ஒரு பல்லுக்கே ரெண்டு மூணு நாள் போக வேண்டி வரும், லீவு போடணும், அது உண்மை. ஆனா வெளிய ஆகுறதுல ஒரு சின்ன பங்குதான் ஆகும். ஸ்டூடண்ட்தானே பண்றாங்கன்னு பயப்படாதீங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் புரொபசர் வந்து பாத்தாதான் அடுத்த வேலை. சொல்லப்போனா வெளில யாரும் அவ்வளவு நேரம் குடுக்க மாட்டாங்க. ஊர்ப்பக்கம் இருக்குறவங்களுக்கு சிதம்பரத்துல அரசு பல் காலேஜ் இருக்கு, புதுக்கோட்டைலயும் 2023ல ஆரம்பிச்சுட்டாங்க. நெறைய தனியார் பல் காலேஜ்லயும் இதே மாதிரி கம்மி ரேட்டுதான்.

கேள்வி: பல்லை க்ளீன் பண்ணா ஆட ஆரம்பிச்சுடும்னு சொல்றாங்களே?
ஒரு வாசகி, தேனி

பதில்: ஆடாது. ஏற்கனவே ஆடுற பல்லை, அதுமேல படிஞ்சு கெட்டியான காறைதான் பிடிச்சு வச்சிருக்கும், அதை எடுத்ததும் ஆடுறது தெரியுது, பழி எங்க மேல விழுது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு, ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறார். பல்லு எடுக்க மாத்திரையை நாலு நாள் நிறுத்தணும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீங்க ஐயா. ஸ்டென்ட் வச்சவங்க தானா நிறுத்தினா அதுதான் பெரிய ஆபத்து, பல்லு எடுத்த எடத்துல வர்ற ரத்தத்தை பஞ்சு, தையல் வச்சு நிறுத்திடலாம். சாப்புடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, பல் டாக்டரே தேவைப்பட்டா ஹார்ட் டாக்டர்கிட்ட பேசிக்குவார். சுகர் இருக்குறதால காலை நேரமா அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, வெறும் வயித்துல கூட்டிட்டுப் போயிடாதீங்க, டிபன் சாப்புட்டு வழக்கமான மாத்திரையும் போட்டுக்கிட்டே வரட்டும். பல்லு எடுத்ததும் பஞ்சை அரைமணி நேரமாவது இறுக்கிக் கடிச்சிருக்கணும், அன்னிக்கு முழுக்க எச்சியைத் துப்பிக்கிட்டே இருக்கக்கூடாது, துப்பத் துப்ப உறைஞ்ச ரத்தம் பேந்து மறுபடி கசியும். நம்ம பெரியவங்களுக்கு இதைச் சொல்லி நிறுத்துறதுதான் பெரும்பாடு, கூடவே ஒருத்தர் உக்காந்து பாத்துக்கங்க. ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சும் ரத்தம் நிக்கலன்னா அன்னிக்கே போன் பண்ணிட்டுத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க.