வெர்டியின் வயது: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இத்தாலியப் பயணக்குறிப்பில், '1999ஆம் வருடச் சட்டம் அங்குள்ள கன்சர்வேட்டரி என்னும் இசைப்பள்ளிகளின் அடிவேரை வெட்டிவிட்டது' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தச் சட்டத்தால் இசை படித்தவர்களுக்கும் பட்டம் கிடைப்பது நல்லதுதானே? என் மகள் மேற்கத்திய வயலினில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறாள். அங்கே அனுப்பும் எண்ணம் உண்டு, அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டத்தின்மேல் எனக்குப் புகார் இல்லை. பத்து வருடம் வயலின் படித்து வாங்கிய பழைய டிப்ளமாவுக்குப் பட்டத்தின் மதிப்பு 2012 கடைசியில் வந்த சட்டத்தால்தான் கிடைத்தது. அவ்வளவு தாமதம் அநியாயம்தான்.

நான் சொன்னது வேறு. கன்சர்வேட்டரி அங்கே கல்லூரியாகத் தொடங்கவில்லை. நேப்பிள்ஸில் அந்தச் சொல் அநாதை விடுதியைக் குறித்தது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். 1930இல் வகுத்த பாடத்திட்டத்திலும் பத்துப் பதினொரு வயதில் சேர்கிற பிள்ளை பியானோவில் ஐந்தாம், எட்டாம், பத்தாம் வருடங்களில் பரீட்சை கொடுக்கும். கூடவே சொல்ஃபெஜ்ஜோ. கையால் தாளம் போட்டபடி சுரப்பெயர்களைப் பாடாமல் கடகடவென்று சொல்லவேண்டும், ஏழு கிளெஃபிலும் (இசைக்கோடுகளில் எது எந்தச் சுரம் என்று காட்டும் குறி கிளெஃப்). கிளெஃப் மாறினால் அதே கோட்டில் இருக்கும் புள்ளி வேறு சுரமாகிவிடும். பதினொரு வயதில் இது நாக்கில் ஏறிவிடும். இருபதில் படிப்பவர் மனக்கணக்குதான் போடுவார்.

நீங்கள் கேட்ட அந்த 1999ஆம் வருடத்து 508ஆம் எண் சட்டம் கன்சர்வேட்டரியை உயர்கல்விக்கு ஏற்றியது. மூன்று வருடம், பிறகு இரண்டு வருடம் என்று படிப்பு மாறியது, கீழ்வகுப்புகள் படிப்படியாகக் கழன்றன. ஈடாகச் சொல்லப்பட்ட இசை உயர்நிலைப்பள்ளிகள் வந்ததே 2010இல்; அவை தொடங்குவது பதினான்கு வயதில். படிப்பு நேரத்தை அளக்கும் கிரெடிட் கணக்கு இன்னொரு வேடிக்கை. வருடத்துக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 மணி நேரம், ஆக 1500 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் சாதகம் செய்பவர் முந்நூறு நாளில் அதைச் சாதகத்திலேயே தீர்த்துவிடுவார். வரலாறு, ஹார்மனி, ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகைக்கெல்லாம் மணி எங்கே?

மிலான் கன்சர்வேட்டரி 1832இல் பின்னாளில் ஆப்பரா மேதையான வெர்டியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வயது பதினெட்டு, வரம்பு தாண்டிவிட்டது என்பதும் ஒரு காரணம். இன்று அந்த இடத்துக்கு அவர் பெயர். பட்டவகுப்பில் சேர அந்தப் பதினெட்டுதான் இப்போது பொருத்தமான வயது!

உங்கள் மகளுக்கு இதில் நஷ்டமில்லை. அங்கே அரசு நடத்திவந்த கீழ்வகுப்புகளை நீங்கள் உங்கள் செலவில் ஊரிலேயே முடித்துவிட்டீர்கள். நுழைவுத் தேர்வில் தியரியும் பார்ப்பார்கள். அந்த ஏழில் ஒன்றான ஆல்டோ கிளெஃபை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.