சுற்றுலா ஊரில் உணவகம் திறக்கும் நேரம் அடிக்கடி மாறினால் வாடிக்கையாளர்கள் ஏன் விலகுகிறார்கள்?

வாடிக்கை என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. வாடிக்கை என்றால் வழக்கம். யோசிக்காமலே கால்கள் ஒரு கடைக்குப் போவது. திறந்திருக்குமா என்று யோசிக்க வைக்கும் கடையில் அது உருவாக வழியில்லை.

ஒரே அளவு லாபத்தைவிட இழப்பே மனத்தில் கனமாக விழும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். பசித்த குழந்தைகளை நடத்திக் கூட்டிவந்து, இழுத்து மூடிய ஷட்டரின் முன் நின்ற ஒரு மாலை, அங்கே ருசித்துச் சாப்பிட்ட பல மாலைகளை மறக்கடித்துவிடும். பஸ்ஸும் இப்படித்தான்: மணிக்கு ஒன்றானாலும் சொன்ன நேரத்தில் வந்தால் காத்திருப்போம், எப்போது வருமென்றே தெரியாவிட்டால் வேறு வண்டி பிடித்துவிடுவோம்.

பயணி ஒருமுறைதானே வருவார் என்று உரிமையாளர் நினைக்கலாம். சரிதான், ஆனால் அவரை அனுப்பிவைப்பது விடுதி வரவேற்பாளர். இரண்டு பேர் திரும்பிவந்து குறைபட்டால், மூன்றாமவருக்கு அவர் வேறு கடையைச் சொல்வார். சீசன் இல்லாத மாதங்களில் கல்லாவைக் காப்பாற்றும் உள்ளூர்க்காரர்களும் அப்படியே நழுவிவிடுவார்கள்.

குறைந்த நேரம் திறப்பதுதான் சிக்கல் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள், மாலை மட்டும் என்று பலகையில் எழுதி அதன்படியே திறக்கும் கடைக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.