மேகம் கறுத்தாலே அழுகிறான்

கேள்வி: செல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் பெய்த மழையில் ராத்திரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். 2024 அக்டோபரிலும் வந்தது. அப்போது மகன் சின்னவன், இப்போது ஏழு வயது. மேகம் கறுத்தாலே அழுகிறான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறான். எப்போதோ நின்றுபோன பழக்கம், மறுபடி பாயை நனைக்கிறான். பயம் தெளிய மந்திரித்துப் பாடம் போடச் சொல்கிறார் மாமியார். எனக்கும் தூக்கமில்லை.
- ஒரு தாய், மதுரை

பதில்: எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். வீட்டுக்குள் வந்த தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். வயிற்று வலிக்கும் பாய் நனைவதற்கும் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். குடிதண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். காய்ச்சல் வந்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வெள்ளத் தண்ணீரில் நடந்தான் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, உடம்பில் ஒன்றுமில்லை என்றால் பயம்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை வாயால் சொல்லத் தெரியாது. வயிறு சொல்லும், பாய் சொல்லும். திட்டாதீர்கள். பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம்.

"ஒண்ணுமில்லடா, இனிமே தண்ணி வராது" என்று தேற்றுகிறோமே, அதுதான் தப்பு. ஐப்பசி மழைக்கு யார் உத்தரவாதம் தர முடியும்? அடுத்த முறை வாசலில் தண்ணீர் நின்றால் அம்மா பேச்சு பொய்யாகிவிடும். அதைவிட, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் அடிக்கும்போது, அப்பாவோடு செல்லூர் கண்மாய்க் கரைக்குப் போய் வரட்டும். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும், போக வழியில்லாமல்தான் தெருவுக்குள் ஏறுகிறது என்று சொன்னால் அவனுக்கு நன்றாகவே புரியும். (பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது.) ராத்திரி பூதம்போல் வந்த தண்ணீருக்கும் ஒரு பாதை உண்டு என்று தெரிந்துகொள்வான்.

அப்புறம் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். டார்ச் லைட் அவன் பொறுப்பு. மழை இருட்டினால் புத்தகப் பையைப் பரணில் ஏற்றச் சொல்வதும் அவன்தான். செல்போனில் வெள்ள வீடியோக்களை அவன் கண்ணில் காட்டாதீர்கள். ஆனால் காகிதக் கப்பலை வாளியில் மூழ்கடித்து விளையாடினால் தடுக்க வேண்டாம், அது அவன் பேசித் தீர்க்கும் விதம்.

பாடம் போடுவதா? தாராளமாக. பாட்டி மடியில் உட்கார்ந்து போய்வருவதே ஒரு மருந்துதான். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்கிறான் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். இடி இடித்ததும் அவன் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். அதே எண்ணில் நீங்களும் பேசுங்கள், இன்று ராத்திரியே.